நீளமான பதில்

என் தங்கச்சிக்கு முப்பத்தேழு வயதில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்தது. அவள் செய்தி சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்ரண்டிஸ் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது நீல உடுப்பும் ஸ்பானரும் கிரீஸும்தான். இவளோ பதினொரு வருஷம் கால் சென்டரில் உட்கார்ந்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த வேலையில் இருந்தபடியே தபால் வழியில் டிகிரி முடித்தாள். அப்புறம்தான் இந்தப் பட்டதாரி அப்ரண்டிஸ். மொத்தம் இரண்டு வருஷம். பகலெல்லாம் அலுவலகம், வாரத்தில் இரண்டு சாயங்காலமும் சனிக்கிழமையும் வகுப்பு. கடைசியில் சொந்தமாக ஒரு பெரிய வேலை செய்து, அதைக் கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார். சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால் அதே அலுவலகத்தில் நிரந்தர வேலை. போடாவிட்டால் இன்னும் ஆறு மாசம் அப்ரண்டிஸ்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. "டீச்சரா?" என்பார்கள். இல்லை. "கம்ப்யூட்டரா?" அதுவும் இல்லை. "பயிற்சிப் பாட வடிவமைப்பு" என்று அவள் சொன்னால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான்தான் ஒரு வழியாக, "பாடம் கட்டுறா" என்று சொல்லப் பழகினேன். "வீடு கட்டுறவங்களைத் தெரியும், பாடம் கட்டுறவங்களை இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு கம்பெனியில் ஐநூறு பேர் இருப்பார்கள். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, புது மிஷினில் எந்தப் பட்டனைத் தொடக் கூடாது என்று அத்தனை பேருக்கும் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல யாருக்கு நேரம்? அதனால் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, படம் போட்டு, குரல் கொடுத்து, கடைசியில் பத்துக் கேள்வி வைத்து, ஒவ்வொரு திரைக்கும் கீழே "அடுத்து" என்று ஒரு பட்டன் வைத்துவிடுவார்கள். நறுக்குவதும் கேள்வி வைப்பதும்தான் இவள் வேலை.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அவள், அவளுடைய பத்து வயது மகள், நான், மூன்று பேர். அவள் வீட்டுக்காரர் வெளியூர் லாரி ஓட்டுகிறவர். மாசத்தில் இரண்டு தடவை வருவார், இரண்டு தடவையும் தூங்குவார். சமையலறை மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க, கற்றல் கோட்பாடுகள் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தை வைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அந்தப் புத்தகத்தால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அலுவலகத்தில் இவளுக்கு மேலே இருந்தவள் இருபத்தெட்டு வயதுப் பெண். நேரில் மேடம். எங்கள் வீட்டில் அவள் பெயர் "வினைச்சொல்". காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே, இதைப் படித்தவர் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். அந்த வரியில் "புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அந்தப் பெண் சிவப்பில் அடித்துவிடுவாள். "அறிந்துகொள்வார்", அதற்கும் அடி. "எடுத்துக்காட்டுவார்", "பிரித்து வைப்பார்", "செய்து காட்டுவார்" என்று எழுதினால்தான் விடுவாள்.

"ஏன்டி, புரிஞ்சுக்கறதுல என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுதா இல்லையான்னு வெளியில இருந்து பாக்க முடியாதாம்க்கா. செய்யறதைத்தான் பாக்க முடியுமாம்."

அந்த வியாதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கணக்குப் பாடத்தை மூடிவிட்டு, "புரிஞ்சிருச்சும்மா" என்று மகள் சொன்னால், "புரிஞ்சிருச்சுன்னு சொல்லாதே, செஞ்சு காட்டு" என்பாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டும். அதை ஒரு நாள் என்னிடமும் காட்டினாள். வேலையிலிருந்து வந்து செருப்போடு நாற்காலியில் விழுந்தவள், "ரொம்ப அசதியா இருக்குக்கா" என்றாள். "புரியுது" என்றேன். "புரியுதுன்னா என்ன செய்வே? அதைச் சொல்லு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள்தானே. அன்றைக்குச் சாப்பிடும்வரை அவளோடு பேசவில்லை.

ஆனால் அவள் அசதி பொய்யில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து முட்டுக்கொடுத்தும் ஆடுகிற அந்த மேஜையில் உட்காருவாள். ஏழு மணிக்கு மகளைக் கிளப்புவாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நடந்து திரும்புவாள். ஒரு தடவை வாயில் பிரஷ்ஷோடு குளியலறைச் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தட்டி எழுப்பியபோது, "அடுத்து" என்றாள். அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது வருஷம், கடைசி வேலைக்கு எதை எடுப்பது என்று வந்தபோது, அவள் எடுத்தது நான் வேலை பார்க்கும் இடத்தை. நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பிரிக்கும் மேஜையில் நிற்பவள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் போர்வை, விரிப்பு, அங்கி எல்லாவற்றையும் உதறிப் பிரித்து மிஷினுக்கு அனுப்புவது எங்கள் வேலை. வெள்ளைப் பையைப் பிரிக்கலாம். தொற்றுநோயாளிகளின் துணி வரும் சிவப்புப் பையைப் பிரிக்கவே கூடாது, அப்படியே மிஷினில் போட்டால் உள்பை வெந்நீரில் கரைந்துவிடும். வெள்ளைப் பையில் எது வேண்டுமானாலும் இருக்கும். நான் கரண்டி எடுத்திருக்கிறேன், மூக்குக் கண்ணாடி எடுத்திருக்கிறேன், ஒரு முழுப் பல்செட் எடுத்திருக்கிறேன். அதெல்லாம் சிரித்துக்கொண்டே எடுக்கிற சாமான். சிரிக்க முடியாதது ஊசி. யாரோ அவசரத்தில் போர்வையோடு சேர்த்துச் சுருட்டிவிட்டிருப்பார்கள். அது யார் உடம்பில் ஏறி இறங்கிய ஊசி என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஊசிக்காகத்தான் அவள் பாடம். மூன்று நாள் எங்கள் கூடத்துக்கு வந்து, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, அந்த நீராவியில் நின்று, நாங்கள் எப்படி உதறுகிறோம், எந்தக் கையால் பிடிக்கிறோம் என்று எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "என் தங்கச்சி" என்று எல்லோரிடமும் சொன்னேன். விரிப்பு தேய்க்கும் பெரிய மிஷினில் நிற்பவள், நாங்கள் இஸ்திரியம்மா என்று கூப்பிடுகிறவள், "உன் தங்கச்சி நல்லா இருக்கா, நீ ஏன் இப்படி இருக்கே?" என்றாள்.

பாடம் தயாரானது. இருபத்திரண்டு திரை. வானிலை அறிக்கை வாசிக்கிறவர் மாதிரி ஒரு ஆண் குரல். கடைசியில் பத்துக் கேள்வி. டீ குடிக்கும் அறையில் இரண்டு டேப்லெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் இரண்டு ஷிஃப்டிலுமாக நாற்பத்து மூன்று பேர். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் முடிக்க வேண்டும்.

முதல் நாள் இஸ்திரியம்மாதான் முதலில் உட்கார்ந்தாள். மூன்றாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏய், யாரும் மூளையைக் கசக்காதீங்க. எது நீளமா இருக்கோ அதை அமுக்குங்க."

எட்டிப் பார்த்தேன். துணிக்குள் ஊசி கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. முதல் பதில்: "கையால் எடுப்பேன்." இரண்டாவது: "விட்டுவிடுவேன்." மூன்றாவது: "வேலையை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர்களை எச்சரித்து, இடுக்கியால் எடுத்து, மஞ்சள் பெட்டியில் போட்டு, மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, பதிவேட்டில் எழுதுவேன்." பத்துக் கேள்வியும் இதே லட்சணம். சரியான பதில் முழங்கை நீளம், தப்பான பதில் கட்டைவிரல் நீளம்.

ஆறு நிமிஷத்தில் முடித்தேன். பத்துக்குப் பத்து. இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் வந்ததும் நானே ஒவ்வொருத்தியிடமும் போய், "நீளமானதை அமுக்கு" என்று காதில் ஓதினேன். என் தங்கச்சி பாடம், எல்லோரும் நல்ல மார்க் வாங்கினால் அவளுக்குத்தானே நல்லது என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறவர்களும் பத்துக்குப் பத்து எடுத்தார்கள்.

நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. அந்த அலுவலகத்தில் இதுவரை எந்தப் பாடத்துக்கும் அப்படி வந்ததில்லையாம். வினைச்சொல் எழுந்து வந்து கை கொடுத்தாளாம். அந்த எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போடச் சொன்னாளாம். தங்கச்சி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தாள். அவள் அப்படி வைத்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். மகள் கதவருகில் நின்று, "பெரியம்மா, அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லடா, முடிஞ்சிருச்சு" என்றேன். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு ஊசி குத்தியது.

ஷிஃப்ட் முடிய இருபது நிமிஷம் இருந்தது. ஒரு வெள்ளைப் பை மிச்சம். சீக்கிரம் முடிக்கலாம் என்று விரிப்பை இழுத்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் சுரீர் என்றது. கையுறையைக் கழற்றினேன். ஒரு சொட்டு ரத்தம். தையல் ஊசி குத்தினால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன், விரலை வாயில் வைத்துச் சப்பினேன். ஊசியைக் கையாலேயே எடுத்து மஞ்சள் பெட்டியில் போட்டேன். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்துச் சுற்றிக்கொண்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னால் படிவம், கையெழுத்து, இன்னும் ஒரு மணி நேரம். எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தங்கச்சி அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். கோப்பின் கடைசிப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "விரல்ல என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஊசி."

"தையல் ஊசியா?"

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"எப்பக்கா?"

"மத்தியானம்."

"சோப்புப் போட்டுக் கழுவினியா? யார்கிட்ட சொன்னே?"

"அதெல்லாம் வேண்டாம்டி. விரலை வாயில வச்சேன், ரத்தம் நின்னுருச்சு."

"வாயில வச்சியா?" அவள் குரல் கீச்சென்று போனது. "ஊசி குத்தினா முதல்ல என்ன செய்யணும்? பாடத்துல படிச்சியே, ஆறாவது கேள்வி. அதுல என்ன பதில் போட்டே?"

எனக்கு உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னேன்.

"நீளமானதை அமுக்கினேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் அவள் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக் கூடாது.

அவள் குழாயைத் திறந்து என் விரலைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் பிடித்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து டோக்கன் எண்ணுக்காகக் காத்திருந்தோம். ரத்தம் எடுத்தார்கள். ஒரு மாசத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் ஒரு தடவை, மூணு மாசத்தில் ஒரு தடவை, ஆறு மாசத்தில் கடைசித் தடவை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஊசியால் ஏதாவது நோய் தொற்றியதா இல்லையா என்று அதுவரை சொல்ல முடியாதாம்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் கேட்டாள்.

"நீ மட்டுமாக்கா?"

"எல்லாரும்தான்."

"நாப்பத்து மூணு பேருமா?"

"ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு நான்தான் சொன்னேன். உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாத சிரிப்பு. பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போனார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சரியான பதிலை எழுதினேனா, மேடம் திருப்பி அனுப்பினாங்க. யார்கிட்ட சொல்றதுன்னு கேட்டாங்க, சேத்தேன். எதால எடுக்கறதுன்னு கேட்டாங்க, சேத்தேன். எதுல எழுதறதுன்னு கேட்டாங்க, அதையும் சேத்தேன். தப்பான பதிலை யாரும் திருப்பி அனுப்பல. எனக்கும் அதுக்குமேல தெம்பில்லக்கா. தப்புக்கெல்லாம் ரெண்டு வார்த்தை போட்டுட்டுப் படுத்துட்டேன்."

"விடு. யாருக்குத் தெரியும்? எங்க கூடத்தைத் தாண்டிப் போகாது. வெள்ளிக்கிழமை கொடுத்துட்டு வா. அப்புறம் திருத்திக்கோ."

"இன்னும் ஆறு மாசம் என்னால முடியாதுக்கா. சத்தியமா முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். வாயை மூடிக்கிட்டுக் கொடு."

அவள் என் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குத்தியது என் விரலில், பயம் எனக்கு. அவள் அந்த விரலைப் பார்த்த பார்வை மட்டும் தாங்க முடியவில்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை வினைச்சொல்லிடம் சொல்லிவிட்டாள். நான் சொன்னதையே அந்தப் பெண்ணும் சொன்னாளாம், கொஞ்சம் நாகரிகமாக: "இப்ப இதையே கொடுத்துடுங்க, ரெண்டாம் பதிப்புல திருத்திக்கலாம்." இவள் முடியாது என்றிருக்கிறாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் கூடத்துக்கு வந்தார்கள்.

வினைச்சொல்லை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே என் தங்கச்சிக்கு இருக்கிற அதே கருவளையம். திட்டித் தீர்ப்பதற்கு நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் அதைப் பார்த்ததும் போய்விட்டன. டீ அறையில் டேப்லெட்டைத் திறந்து பத்துக் கேள்வியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான்தான் ஒப்புதல் கொடுத்தேன்" என்றாள் என்னிடம். "பத்தையும் வரி வரியாப் பாத்தேன். வினைச்சொல்லை மட்டும்தான் பாத்திருக்கேன்."

தங்கச்சி தரையைப் பார்த்தாள். அந்தப் பெயரை நாங்கள் வைத்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

அன்றைக்குக் கேள்வியும் இல்லை, பட்டனும் இல்லை. சுத்தமான விரிப்பு மூட்டைக்குள் முனை மழுங்கிய ஒரு ஊசியை மறைத்து வைத்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உதறச் சொன்னார்கள். மூட்டைக்குள் ஏதோ இருக்கிறது என்றுகூட யாருக்கும் சொல்லவில்லை. என் தங்கச்சி ஓரமாக நின்று கை என்ன செய்கிறது என்று பார்த்து எழுதினாள். இஸ்திரியம்மா ஊசியைக் கையால் எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, "அப்புறமாப் பெட்டில போடலாம்னு" என்றாள். இன்னொருத்தி எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நான் சரியாகச் செய்தேன். குத்து வாங்கினவளுக்கு அதுகூடத் தெரியாதா?

இரண்டாவது ஷிஃப்டும் முடிந்தபோது கணக்கு வந்தது. நாற்பத்து மூன்றில் சரியாகச் செய்தவர்கள் பதினேழு.

வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் நாற்பத்து மூன்று, அதற்குக் கீழே பதினேழு, எது எப்படி வந்தது என்று இரண்டு பத்தி. பத்து நாள் கழித்துத் தேர்வாளர் கூப்பிட்டுப் பேசினார். நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள் என்றாராம். ஆனால் அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாதாம். பாடம் வேலை செய்கிறது என்று காட்ட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது, அதனால் ஆறு மாசம் என்றாராம்.

அந்த ஆறு மாசத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? எனக்கு முதல் மாசம் மாத்திரை. எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். அவளுக்கு மறுபடியும் நாலரை மணி, ஆடும் மேஜை, பஸ். தப்பான பதில்களை உட்கார்ந்து எழுதினாள். அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் பார்த்தேன். "நிஜமா ஒருத்தி செய்யற தப்பா இருக்கணும்க்கா, நீ சொல்லு" என்று என்னைக் கேட்பாள். நான் விரலை வாயில் வைத்தது, இஸ்திரியம்மாவின் ஏப்ரன் பை, ஜன்னல் விளிம்பு, எல்லாம் பாடத்துக்குள் போயின. எல்லாப் பதிலும் ஒரே நீளம். ஸ்கேல் வைத்து அளந்தாள், நான் கண்ணால் பார்த்தேன். பாடத்தின் பாதி டேப்லெட்டிலிருந்து இறங்கிப் பிரிக்கும் மேஜைக்கே வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் நின்று செய்து காட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் முனகினார்கள். "உன் தங்கச்சி நல்லாத்தான் இருந்தா, உன்னோட சேந்து கெட்டுப்போயிட்டா" என்றாள் இஸ்திரியம்மா.

அந்த ஆறு மாசத்தில் ஒரு தடவைகூட அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காவாகப் பிறந்தவளுக்கு அது லேசில் வராது. ஆறாவது வாரம் ரத்தம் கொடுக்கப் போனபோது கூட வந்தாள், மூன்றாவது மாசமும் வந்தாள். அரை நாள் விடுப்பு கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அந்த நேரத்தை ஈடுகட்ட இன்னும் சீக்கிரம் எழுந்தாள் என்று அவள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசிக் கணக்கு எடுத்தபோது எங்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு. மிச்சம் மூன்று பேரில் இஸ்திரியம்மாவும் ஒருத்தி. இந்தத் தடவை தேர்வாளருக்கு எந்தக் கட்டமும் காலியாக இல்லை.

சான்றிதழும் என் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் ஒரே வாரத்தில் வந்தன. என்னுடையது திங்கட்கிழமை வந்தது. ஒன்றுமில்லை, நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அவளுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுடையது வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் வந்து, கனமான ஒரு உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்போடு நாற்காலியில் விழுந்தாள். நிரந்தர வேலைக்கான கடிதமும் உள்ளே இருந்தது.

மகள் சான்றிதழை எடுத்துச் சத்தமாக வாசித்தது. "இவர் பயிற்சிப் பாட வடிவமைப்பின் அடிப்படைகளை நன்கு புரிந்துகொண்டவர் எனச் சான்றளிக்கப்படுகிறது."

"என்ன போட்டிருக்கு?" என்றாள் தங்கச்சி.

"புரிந்துகொண்டவர்."

"மறுபடி படி."

பிள்ளை மறுபடி படித்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து வந்து நீட்டியது. தங்கச்சி வாங்கவில்லை. சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை, உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது. கொண்டாட வேண்டாமா, வெளியில் போகலாமா என்று நான் கேட்டேன். தலையை மேஜைமேல் சாய்த்தாள். மேஜை ஒரு பக்கமாக ஆடி நின்றது.

"அக்கா, ரொம்ப அசதியா இருக்கு."

"புரியுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிள்ளை என்னைப் பார்த்தது. ஆனால் தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை, கண்ணை மூடிவிட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவள் செருப்பு வாரை அவிழ்த்தேன். இடது செருப்பின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தேன். விடிகாலை நாலரைக்கு வைத்திருந்த அலாரத்தை அவள் போனில் தேடி நிறுத்தினேன். அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.